உடைமையும் உடையவனும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், பொருநையாற்றின் தென்கரையில் உள்ளது ஆதிச்சநல்லூர். நவதிருப்பதி ஸேவிக்க வரும் அடியார்கள் பெரும்பாலும் நில்லாமல் கடந்து செல்லும் ஊர். ஆற்றுக்கு அக்கரையில் ஸ்ரீவைகுண்டம். இக்கரையிலேயே கிழக்கே சென்றால் ஆழ்வார்திருநகரி. இடையில் 114 ஏக்கர் பரப்பில் ஒரு மேடு கிடக்கிறது. ஊரார் அதனைப் பரம்பு என்பர். 1876இல் ஜாகோர் என்னும் ஜெர்மானியரும், 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீ என்பவரும், 2004இல் மத்தியத் தொல்லியல் துறையினரும் அங்கு அகழ்ந்தார்கள். அவர்கள் கண்டவை, முன்னோர் தம்மில் இறந்தாரை இட்டுப் புதைத்த மண்தாழிகள். அகழ்ந்த குழியின்மேல் இன்று கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். அதன்மேல் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே தாழிகள் தெரியும்.

சென்ற வைகாசியில் அடியோம் அங்கே நின்றோம். கைப்பையில் மருத்துவமனை கொடுத்த காகிதம் ஒன்று இருந்தது. எங்கள் இடது உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி, ஓராண்டாக ஒரு கறுப்பு அடையாளம் இருந்துவந்தது. முள் தைத்து உள்ளே தங்கியது என்றே முதலில் எண்ணினோம். பிறகு கால் ஆணி என்று எண்ணி மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினோம். அது விரிந்தது. ஓரங்கள் கோணலாயின. ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் பழுப்புமாக நிறம் பிரிந்தது. தூத்துக்குடியில் ஒரு தோல் மருத்துவர் சிறிது சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மெலனோமா என்னும் தோற்புற்று, ஆரம்ப நிலை, கனம் 0.7 மில்லிமீட்டர், மேற்புறத்தில் புண் இல்லை என்று முடிவு வந்தது. விரைவில் வெட்டியெடுக்க வேண்டும் என்றார்.

‘ஆரம்ப நிலை’ என்ற சொல் அன்று எங்கள் காதில் ஏறவில்லை. ‘புற்று’ என்ற ஒரு சொல் மட்டுமே ஏறிற்று. அதன்பின் அவர் கூறியவை அனைத்தையும் வீட்டுக்கு வந்து எங்கள் அகத்தில் இருப்பவளைக் கேட்டே தெரிந்துகொண்டோம். அவள்தான் அருகே அமர்ந்து எழுதி வைத்திருந்தாள்.

தாழிகளைப் பார்த்தபோது எங்களுக்கு எழுந்த எண்ணத்தை மறைக்காமல் கூறுகிறோம். ‘இவ்வளவுதானே இவ்வுடல்! இதனை வெட்டி ஒட்டி நீட்டுவானேன்? சரணாகதி பண்ணினவனுக்கு மருத்துவமனையில் என்ன வேலை?’ என்று தோன்றிற்று. திருமலையில் அனந்தாழ்வான் அருளிச்செய்த வார்த்தையும் கூடவே நினைவுக்கு வந்தது. எம்பெருமானார் நியமனத்தால் திருமலையில் நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கர்யம் செய்துவந்த அவரைப் பாம்பு தீண்டிற்று. விஷம் இறக்கிக்கொள்ளும்படி மற்றவர்கள் வேண்டினார்கள். அவர் இசையவில்லை. விஷம் வென்றால் விரஜையில் நீராடி வைகுந்தநாதனை ஸேவிப்பது. உடல் வென்றால் புஷ்கரிணியில் நீராடித் திருவேங்கடமுடையானை ஸேவிப்பது. இரண்டும் ஒன்றே என்று இருந்துவிட்டார். அவ்வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, சிகிச்சை வேண்டாம் என்று உள்ளுக்குள் முடிவு செய்தபடியே ஆழ்வார்திருநகரிக்குச் சென்றோம்.

ஆழ்வாரை ஸேவித்து, உறங்காப்புளியின் நிழலுக்கு வந்தபோது, எங்களுக்குப் பல ஆண்டுகளாகத் திருவாய்மொழி வ்யாக்யானம் ஸாதிக்கும் பெரியவர் அங்கே எழுந்தருளியிருந்தார். விண்ணப்பம் செய்தோம். அனந்தாழ்வான் வார்த்தையையும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அனந்தாழ்வானுக்குப் பாம்பின் விஷத்தில் பயமில்லை. உமக்கு எதில் பயமில்லை?”

விடை கூற முடியவில்லை.

“உமக்குப் புற்றிலும் பயம், கத்தியிலும் பயம். இரண்டில் கத்தி நாளைக்கே வருவது. ஆகையால் அதனிடமிருந்து ஓடுகிறீர். ஓடுகிறவர் ஒளிந்துகொள்ள அனந்தாழ்வானுடைய திருவார்த்தைதானா அகப்பட்டது? அவர் இருப்பையும் போக்கையும் ஒன்றாகக் கண்டவர். நீர் அப்படிக் கண்டால் சிகிச்சை செய்துகொள்வதிலும் உமக்கு ஒரு குறையுமில்லையே. போய்ச் செய்துகொள்ளும்.”

இப்படிச் சொன்னதோடு அவர் விடவில்லை. பத்தாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியை எடுத்தார். அங்கு அவர் ஸாதித்ததன் சாரத்தையே இக்கட்டுரையில் பாகவதர்களுக்கு விண்ணப்பிக்கிறோம்.

அத்திருவாய்மொழி திருமாலிருஞ்சோலை எம்பெருமானைப் பற்றியது. ஆழ்வாருக்குத் திருநாடு தர எம்பெருமான் விரைந்து நிற்கிறான். ஆனால் அவனுக்கு ஆழ்வாருடைய ஆத்மாவில் உள்ள அளவு ஆசை அவருடைய திருமேனியிலும் உண்டாகிவிட்டது. தான் உகந்து எழுந்தருளியிருக்கும் மலைகளையும் பாற்கடலையும் பரமபதத்தையும் ஆழ்வாருடைய தலையையும் உடலையும் ஒரு நிரையாக எண்ணி, ஒன்றையும் விடமாட்டாதவனாய் நிற்கிறான். இவ்வுடலோடே அவரைக் கொண்டுபோகவேணும் என்பது அவன் திருவுள்ளம். ஆழ்வாரோ, இது இருபத்துநான்கு தத்துவங்களால் ஆன ப்ரக்ருதி, கழிக்கவேண்டியது, இதன்மேல் வைத்த ஆசையை விட்டருளவேணும் என்று அவனுக்கே உபதேசிக்கிறார்.

இங்கே இரண்டு பார்வைகள் உள்ளன. சேதனனாகிய ஆழ்வாருக்கு உடல் த்யாஜ்யம், விடத்தக்கது. சேஷியாகிய எம்பெருமானுக்கு அதே உடல் போக்யம், உகக்கத்தக்கது. பெரியவர் கேட்டார்: “உடல் விடத்தக்கது என்றது சரி. எப்போது விடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு? ஆழ்வாரே தாமாகக் கழற்றிப் போடவில்லையே. விடுவித்தருளாய் என்று உடையவனிடம்தானே விண்ணப்பித்தார்?”

நாம் பலகாலும் தவறுவது இவ்விடத்தில்தான். ஆத்மாவும் ஆத்மீயமும் எம்பெருமானுடையவை என்று ஸமர்ப்பித்து விடுகிறோம். ஸமர்ப்பித்தபின்பும், ‘என் உடல், நான் பேணாமல் விட்டால் யாருக்கு என்ன’ என்று இருக்கிறோம். பிறர் நம்மிடம் அடைக்கலமாகக் கொடுத்துவைத்த பாத்திரம் ஓட்டையானால் அடைத்து வைக்கிறோம்; உடைந்தால் உடையட்டும் என்று இருப்பதில்லை. உடைமை அவனது என்ற ஞானம் உறுதியானால் அதனைப் பேணுவதும் கைங்கர்யமாகும். பேணியும் நில்லாமல் போனால் வாங்கிக்கொண்டவன் உடையவனே என்று இருக்கலாம். அலட்சியம், அழுகை இரண்டுக்கும் வேர் ஒன்றே. ‘எனது’ என்ற நினைவே அது.

இனி, ப்ரபந்நனுக்கு மருந்து ஆகுமா என்ற வினா. மோக்ஷத்துக்கு எம்பெருமானையே உபாயமாகப் பற்றினவன் வேறொன்றை உபாயமாகக் கொள்ளலாகாது என்பது நம் ஸித்தாந்தம். மருத்துவர் நமக்கு மோக்ஷம் தர வரவில்லை. பசித்தால் உண்பதும் மழையில் குடை பிடிப்பதும் எவ்வாறு உபாயாந்தரம் ஆகாவோ, அவ்வாறே சிகிச்சையும் ஆகாது. கூரத்தாழ்வான் திருக்கண்களை இழந்திருந்தபோது, பேரருளாளனிடம் கண்ணைக் கேட்கும்படி நியமித்தவர் எம்பெருமானாரே அன்றோ! ஆழ்வான் கேட்டது வேறு. தமக்குக் கேடு விளைத்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேற்றையே கேட்டார் என்பது நம் குருபரம்பரைச் செல்வம். ஆனாலும் சிஷ்யனுடைய கண் நலமாகவேணும் என்று ஆசார்யனுடைய திருவுள்ளம் விரும்பிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

மேலும் ஒரு சான்று கல்லிலேயே உள்ளது. காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. எம்பெருமானார் இவ்வுலகில் எழுந்தருளியிருந்த காலமே அது. அக்கோயிலைச் சார்ந்து நடந்த ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், மருந்து கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் ஆகியோருடன் அறுவை செய்பவர் ஒருவருக்கும் நிவந்தம் குறிக்கப்பட்டுள்ளது. பெருமாள் கோயில் நிழலிலேயே கத்திக்கு இடம் இருந்தது. தன்வந்திரியாய் அவதரித்தவன் அதனை வெறுப்பானோ?

அறுவைக்கு இசைந்தோம். செய்தி உறவினரிடம் பரவியது. அன்பு மிக்கவர்களும் இரண்டு வினாக்களைக் கேட்டார்கள். இவை இவ்வியாதி கண்ட எல்லா இல்லங்களிலும் கேட்கப்படுபவை, ஆகையால் கூறுகிறோம்.

முதல் வினா, “என்ன பாவம் செய்தீர்களோ?” ப்ராரப்தம் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இன்னாருக்கு இன்ன நோய் இன்ன பாவத்தால் என்று கணக்கெழுதும் உரிமை நமக்கு இல்லை. ஆளவந்தாருக்குத் திருமேனியில் கொடிய நோய் கண்டது. அவரைக் குறித்து நம்மில் யாரேனும் அவ்வினாவை எழுப்புவோமா? அவருடைய சிஷ்யரான மாறனேரி நம்பி அந்நோயைத் தமக்குப் ப்ரஸாதமாகத் தந்தருளும்படி வேண்டிப் பெற்றார், பொறுத்தார், அதனோடே திருநாடு அலங்கரித்தார். நான்காம் வர்ணத்தில் அவதரித்தவரான அவருக்குப் பெரியநம்பி தாமே சரமகைங்கர்யம் செய்தார். எம்பெருமானார் காரணம் கேட்டபோது, பெருமாள் ஜடாயுவுக்கும் தருமபுத்திரர் விதுரருக்கும் செய்ததைக் காட்டினார். நோயாளியைக் கண்டால் நம் ஸம்ப்ரதாயம் கேட்கக் கற்பித்தது ‘என்ன பாவம்’ என்பதையன்று. ‘நான் எதைச் சுமக்கட்டும்’ என்பதையே.

இரண்டாம் வினாவை வாயால் கேட்கவில்லை. தனித்தட்டு வைத்துக் கேட்டார்கள். புற்று தொட்டால் பற்றும் நோயன்று. உடன் உண்பதாலும் உடன் இருப்பதாலும் வாராது. பெரியநம்பி தொட்ட திருமேனியை நினைத்தால் இவ்வச்சம் நம்மிடம் நிற்க வழியில்லை.

மருத்துவர் எங்களுக்கு விளக்கியதையும் பாகவதர்களின் நன்மைக்காகக் கூறுகிறோம். மெலனோமா வெயிலால் வெள்ளைத் தோலினருக்கு வருவது, நமக்கு வாராது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உப்பளங்களும் முத்துக்குளித்துறையும் கொண்ட எங்கள் கரையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆயினும் நம் போன்ற நிறத்தாருக்கு வரும்போது அது பெரிதும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே வருகிறது. அங்கே யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் முள், ஆணி, அடிபட்ட இரத்தக்கட்டு என்று விடுகிறோம். ஜமைக்கா நாட்டின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தின்கீழ் இந்நோய் 1977இல் கண்டறியப்பட்டது. விரலை எடுத்துவிடும்படி சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை. நகத்தின் அடிச்சதையை மட்டும் எடுத்தார்கள். பின்னர் நோய் உடலெங்கும் பரவி, 1981இல் 36ஆம் வயதில் மறைந்தார்.

இந்நோயில் அகலத்தைவிட ஆழமே பெரிது. தோலின் மேலடுக்கிலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதை மில்லிமீட்டரில் அளப்பார்கள். 1970இல் பிரெஸ்லோ என்னும் மருத்துவர் காட்டிய அளவு இது. ஆழம் குறைவாக இருக்கையில், சுற்றிலும் நல்ல தோலையும் சிறிது சேர்த்து வெட்டியெடுப்பதே பெரும்பாலோர்க்குப் போதுமான சிகிச்சையாகிறது. ஆழம் மிகுந்தால் நிணநீர்க் கணுக்களைச் சோதிப்பது முதலாகப் பல படிகள் உண்டு. ஆகவே அடையாளம் ஒருபக்கம் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் இருந்தால், ஓரம் கோணினால், நிறம் கலந்தால், 6 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தால், எல்லாவற்றிலும் முக்கியமாக மாறிக்கொண்டே இருந்தால், தாமதியாமல் காட்டவேணும். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தோன்றி அகன்றாலும் அவ்வாறே. ‘ஆரம்ப நிலை’ என்பது எவ்வளவு பெரிய க்ருபை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அறுவைக்கு முந்தைய இரவு உறக்கம் வரவில்லை. மருத்துவர் உள்ளங்காலில் மையால் வட்டம் வரைந்திருந்தார். கறையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர். காலில், அதிலும் அடியில், இப்படி ஒரு நோயா என்று எங்களுக்கு ஒரு கூச்சமும் இருந்தது. அப்போது ப்ரபாஸ தீர்த்தத்து அரசமரம் நினைவுக்கு வந்தது. அங்கே அமர்ந்திருந்த கண்ணனுடைய திருவடியை மானென்று எண்ணி ஜரன் என்னும் வேடன் எய்தான். அம்பு தைத்தது உள்ளங்காலில். நடுங்கி வந்து விழுந்த வேடனை அஞ்சவேண்டாம் என்று தேற்றி, அவனை மேலுலகுக்கு அனுப்பிய பிறகே அவன் தன்னுடைச் சோதிக்கு எழுந்தருளினான். உலகளந்த திருவடியே உள்ளங்காலில் புண் ஏற்றது. அப்புண்ணோடும் அவன் செய்தது பிறன் அச்சத்தைத் தீர்த்தது. எங்கள் அச்சம் போகவில்லை. ஆனால் தனிமை போயிற்று. அதிகாலையில் சிறிது கண்ணயர்ந்தோம்.

வெட்டிய இடத்தில் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஓரங்களில் நோயில்லை என்று முடிவு வந்தது. காலை ஊன்றச் சில வாரங்கள் ஆயின. மூன்றாம் மாதம் கோலூன்றிச் சந்நிதிக்குச் சென்றோம். நடக்கமாட்டாத எங்கள் தலைமேல் ஸ்ரீசடகோபம் ஸாதித்தார்கள். கால் வலித்த நாள்களில்தான் திருவடி என்ற சொல் எங்களுக்குப் பொருளோடு கேட்டது.

இவ்வளவோடு எல்லாம் முடிந்தது என்று சொன்னால் அது மெய்யாகாது. குறித்த காலந்தோறும் மருத்துவர் தோல் முழுவதையும் பார்க்கிறார். தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். அந்நாள் நெருங்கும்போது பழைய நடுக்கம் திரும்புகிறது. ‘மஹாவிச்வாஸம் உள்ளவனுக்கு நடுக்கம் வரலாமா?’ என்று பெரியவரிடம் கேட்டோம். “பிரிவு தாங்காமல் ஆழ்வார் நடுங்கவில்லையா? நடுக்கம் உடலின் தர்மம். நடுங்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறீர் என்பதே விச்வாஸம்” என்றார். மாதம் ஒருமுறை எங்கள் அகத்தில் இருப்பவள் எங்கள் உள்ளங்கால்களையும், அடியோம் அவளுடையவற்றையும் விளக்கொளியில் பார்க்கிறோம். நாற்பது ஆண்டு இல்லறத்தில் இதுவரை செய்யாத ஒன்று. அப்போது த்வயத்தை அநுஸந்திக்கிறோம். நடுக்கம் அவன் பக்கம் சாய்வதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி இது.

இவ்வாண்டு அத்யயன உத்ஸவத்தின் நிறைவில் ஆழ்வார் திருவடி தொழலை ஸேவிக்க ஆழ்வார்திருநகரிக்குச் சென்றோம். வழியில் மறுபடியும் பரம்பில் நின்றோம். முன்பு காணாத ஒன்றை இம்முறை கண்டோம். அத்தாழிகளில் எலும்புகள் மட்டும் இல்லை. ரீ அகழ்ந்தபோது நெல் உமி கிடைத்தது. இரும்புக் கருவிகளும் வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. உயிர் போய்விட்டது என்று அறிந்தும் அவ்வுடலுக்குப் பொன் பட்டம் சாத்தியிருக்கிறார்கள். பெயரும் நாம் அறியாத அம்முன்னோருக்குத் தெரிந்தது, வைகாசியில் அதே இடத்தில் நின்ற எங்களுக்குத் தெரியவில்லை. உடல் நில்லாது என்பது அதனை இகழக் காரணமாகாது.

அன்று சந்நிதியில் ஆழ்வாருடைய திருமுடி எம்பெருமான் திருவடியில் பட எழுந்தருளப்பண்ணித் திருத்துழாயால் மூடினார்கள். ஆழ்வார் திருநாடு புகுந்தார். பிறகு, இவ்வுலகத்தார் உய்யும்பொருட்டு அவரைத் திருப்பித் தந்தருளவேணும் என்று வேண்ட, எம்பெருமான் இசைந்து தந்தருளினான். ஆண்டுதோறும் ஸேவித்ததுதான். இவ்வாண்டு கண்ணீர் நிற்கவில்லை. தான் ஆசைப்பட்டு அடைந்தவரையே பிறர்க்காகத் திருப்பித் தருகிறான் என்றால், நம் போல்வார்க்கு இன்னும் சில காலம் தருவது ஒரு காரியத்துக்காக அன்றோ இருக்கவேணும்!

அக்காரியம் இன்னது என்று அறியும் ஞானம் அடியோமுக்கு இல்லை. அறிந்த அளவில் செய்கிறோம். இக்கட்டுரையை எழுதியதும் அதில் ஒன்று. பாகவதர்கள் இதனை வாசித்து முடித்தவுடன், எம்பெருமானுடைய உடைமையாகிய தங்கள் உள்ளங்கால்களை ஒருமுறை பார்த்தருள வேணுமென்று ப்ரார்த்திக்கிறோம். கறை இல்லையேல் அவனுக்கு நன்றி. இருந்தால் அஞ்சாமல், ஒளியாமல் காட்டுங்கள்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.